உப்பில் ஊறிய ஜெல்

“இதுவும் கிழிஞ்சிருச்சுங்க மேடம்.”

அருணகிரி கண்ணாடித் தட்டை மேசைமேல் வைத்தார். கறுப்பு ஜெல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

நலிந்த இதயத்தின்மேல் தைப்பதற்கான ஜெல் அது. மின்சாரத்தை நன்றாகவே கடத்தியது. ஊசி ஏறினால்தான் பிளந்துகொண்டது. நாளை காலை இதே நேரம் இதய மருத்துவர் ஓர் ஆட்டு இதயத்தோடு சோதிக்க வருகிறார். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர். இம்முறையும் கிழிந்தால் இனி கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

ஜெசிந்தா அருணகிரியின் ஆய்வு வழிகாட்டி. அவரைவிடப் பதினோரு வயது இளையவர். பாலிடெக்னிக்கில் இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு ஆய்வுக்கு வந்த மனிதருக்கு அதில் கூச்சம் ஒன்றுமில்லை. பொறுமைதான் கிடையாது.

“உப்புத் தண்ணில ஒரு நாள் முழுசா ஊறணும்னேனே. ஊறுச்சா சார்?”

“ஊறுச்சுங்க.”

“எவ்வளவு நேரம்?”

அருணகிரி சன்னலைப் பார்த்தார்.

“ஒரு மணி நேரம். அதுக்குள்ளயே சுருங்க ஆரம்பிச்சிருச்சுங்க. கெட்டுப்போகுதுன்னு பயந்து நல்ல தண்ணில எடுத்துப் போட்டேன். பழையபடி உப்பிருச்சு.”

“போன தடவையும் இப்படித்தானா?”

“எல்லாத் தடவையும்.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. புதிய ஜெல் ஒன்றை உப்புத் தண்ணீரில் இறக்கினார். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை அருணகிரியிடமே நீட்டினார்.

“என்கிட்டயா?”

“உங்ககிட்டதான் சார்.”

அன்று அருணகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ குடிக்கப் போனவர் பாதி வழியில் திரும்பினார். அலமாரியை ஏழு தடவை சுற்றிவந்தார். ஒருமுறை சாவியைப் பூட்டில் நுழைத்தேவிட்டார். திருப்பாமலே வெளியே உருவிக்கொண்டார். அழுகை வரும்போலிருந்தது.

மறுநாள் மருத்துவர் வந்த பிறகே அருணகிரி அலமாரியைத் திறந்தார். ஜெல் சுருங்கிப் பழைய அளவில் பாதிகூட இல்லை.

மருத்துவர் அதை ஆட்டு இதயத்தின்மேல் வைத்து நான்கு தையல் போட்டார். நூலைப் பிடித்து இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். சுருங்கி இறுகிய ஜெல் கிழியவில்லை. அதன் வழியாக இணைத்திருந்த சின்ன விளக்கும் அணையவில்லை.

“இன்னும் நாலு செஞ்சு வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அருணகிரி சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

“என் லட்சணம் உங்களுக்குத் தெரியுமுங்க மேடம். சாவிய நீங்களே வெச்சிருக்கலாமே?”

“வெச்சிருக்கலாம் சார். அப்போ ஜெல் மட்டும்தான் உறுதியாயிருக்கும்.”