கீரித்தீவின் வால்

ஒரு காலத்திலே, ஒரு கடலுக்குள்ளே, கரையில் நின்று பார்த்தால் உள்ளங்கை அகலம்தான் தெரியும், அப்படி ஒரு குட்டித் தீவு இருந்ததாம். கீரி படுத்திருக்கிற மாதிரி நீளமாக இருந்ததால் அதற்குக் கீரித்தீவு என்று பேர். உடம்பு முழுக்கப் பவளப்பாறை, அதன்மேல் பனைமரம், தாழம்புதர், நாற்பது குடிசை. நடு வயிற்றில் ஒரே ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. சுற்றிலும் உப்பு, அந்தக் குழி மட்டும் இளநீராக இனிக்குமாம்.

அந்த ஊற்றைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? புறா! எப்போதோ ஒரு புயலில் திசை தப்பி ஏழு பேர் வள்ளத்தோடு அங்கே ஒதுங்கினார்களாம். நாக்கு வறண்டு கிடந்தவர்கள், புறாக்கள் ஒரே இடத்தில் இறங்குவதையும் அலகு நனைந்து பறப்பதையும் பார்த்தார்களாம், அந்த இடத்தை விரலால் தோண்டினார்களாம், தண்ணீர் வந்ததாம். அந்த ஏழு பேருடைய பிள்ளைகுட்டிகள்தான் பெருகி நாற்பது குடிசை ஆனார்கள்.

அந்தத் தீவில் முத்திருளாயி என்று ஒருத்தி. அவளுக்கு எதிலும் சந்தேகம். தானே பிடித்த மீனை மூன்று தடவை மோந்து பார்ப்பாள். மகள் "சோறு வெந்துடுச்சு" என்றால் "யார் சொன்னா?" என்பாள். ஊரே சிரிக்கும். தீவுத் தலைவர் சாத்தையா மட்டும், "சிரிக்காதீங்கப்பா, ஊருக்கு ஒருத்தி அப்படி வேணும்" என்பாராம். அவர் ஓயாமல் பேசுகிறவர், அவருக்கு எல்லாரும் வேண்டும்.

தை அமாவாசைக்கு மட்டும் தீவில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். எல்லாரும் வள்ளம் ஏறிக் கரைக்குப் போய், கோயில் கும்பிட்டு, மூன்றாம் நாள் திரும்புவார்கள். அந்த வருஷமும் அப்படித்தான் திரும்பினார்கள். வந்து பார்த்தால் ஊற்றங்கரையில் பட்டுத் தலைப்பாகையோடு ஒருத்தன் உட்கார்ந்து, இவர்கள் தண்ணீரை இவர்களுக்கே மொண்டு நீட்டுகிறானாம்!

"வாங்க, வாங்க, குடிங்க. நான் திருமேனிநாதன். இது எங்க தாத்தா தீவு. ராஜாவோட தாத்தா எங்க தாத்தாவுக்குக் கொடுத்தது. நம்பாட்டி, தெற்கு முனையில எல்லைக்கல் நிக்குது, போய்ப் பாருங்க. எட்டு நாள்ல எல்லாரும் கிளம்பிடணும்."

"எங்கய்யா கிளம்புறது? எங்களுக்கு வேற மண்ணே கிடையாதே!" என்றார் சாத்தையா.

"கடல் பெரிசுதானே?" என்றான் அவன். ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, போகிற வருகிற கப்பலுக்கெல்லாம் தண்ணீரை விற்க வேண்டும். அதுதான் அவன் எண்ணம்.

எல்லாரும் தெற்கு முனைக்கு ஓடினார்கள். அங்கே வெள்ளை மணலில் ஒரு கல் நெட்டுக்குத்தாக நின்றது, மேலே எழுத்தெல்லாம் இருந்தது. முத்திருளாயி ஒரு தடவை சுற்றி வந்தாள். கடலோரக் கல்லென்றால் கொட்டலசுச் சிப்பி ஒட்டிக் காலைக் கிழிக்குமே, இதில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தடவை சுற்றி வந்து மோந்து பார்த்தாள். பாசி வாடை இல்லை. மூன்றாம் தடவை சுற்றி வந்து, நாக்கை நீட்டி நக்கியே பார்த்தாளாம்! ஏய், சிரிக்காதீங்க. நக்கினால்தானே தெரியும்? கல் கரிக்கவே இல்லை.

அதற்குள் சாத்தையா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "அட கூறுகெட்டவனே! கல்லை வால்லயா நட்டிருக்கான்!"

அது என்ன வால் என்று கேட்கிறீர்களா? கீரிக்கு வால் வேண்டாமா? இந்தக் கீரியின் வால் வெறும் மணல். வடக்கேயிருந்து வாடைக்காற்று அடிக்கிற மாசத்தில் அலை மணலையெல்லாம் தள்ளிக்கொண்டுபோய்த் தெற்கே குவிக்கும். தெற்கேயிருந்து அடிக்கிற சோழகக்காற்று திரும்பினால், அதே மணலை வாரிக்கொண்டுபோய் வடக்கே குவிக்கும். தெற்கே கழுத்தளவுத் தண்ணீர் நிற்கும். பாறையில் குழி தோண்ட முடியாமல், மணல் சுலபமென்று அங்கே நட்டுவிட்டான் கரைக்காரன்.

"இப்பவே போய் அவன் மூஞ்சியில கேக்குறேன்" என்று கிளம்பினார் சாத்தையா.

முத்திருளாயி அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க மாமா! தெரிஞ்சா பிடுங்கிக் கொண்டுவந்து ஊத்துப் பக்கத்துல நட்டுடுவான். வாலைப் பத்தி யாரும் வாயே திறக்கக் கூடாது."

அப்புறம் எல்லாரும் ராஜாவிடம் போனார்கள், திருமேனிநாதனும் வந்தான். ராஜா முன்னால் முத்திருளாயி அவனைக் கேட்டாள்.

"ஐயா, கல்லு நட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"நூறு வருஷம்."

சாத்தையா வாயைத் திறந்தார். அவள் அவர் கால் கட்டைவிரலை மிதித்தாள். அவர் மூடிக்கொண்டார்.

"நடுவுல யாராவது பிடுங்கி இடம் மாத்துனாங்களா?"

"நட்ட இடத்தை விட்டு ஒரு விரற்கடை நகரலை."

சாத்தையா மறுபடி வாயைத் திறந்தார். அவள் மறுபடி மிதித்தாள்.

"கல்லுக்குப் பூசை உண்டா? தை அமாவாசைக்கா, ஆடி அமாவாசைக்கா?"

திருமேனிநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இவள் எதற்குக் கேட்கிறாள்? தை என்றால் மாட்டுவோமோ, ஆடி என்றால் மாட்டுவோமோ? யோசித்து, "ரெண்டுக்கும்தான்! நூறு வருஷமா ஒரு தடவை தப்பினதில்லை" என்றான்.

சாத்தையாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் மிதித்த காலை எடுக்கவே இல்லை.

"அப்ப வர்ற ஆடி அமாவாசைப் பூசையை நாங்களும் ஒரு தடவை பாத்துக்கிறோம், மகாராஜா. பாத்துட்டு மறுபேச்சு இல்லாம கிளம்பிடறோம்."

"ஆடி வரைக்குமா? மகாராஜா, இதுல ஏதோ இருக்கு!" என்றான் திருமேனிநாதன்.

ராஜாவுக்கும் இரண்டு பேர் மேலும் சந்தேகம்தான். ஆனாலும், "ஏனய்யா பதறுறே? உங்க தாத்தா கல்லு எங்கே ஓடிடப் போகுது? அதுவரைக்கும் நீ தீவுப் பக்கம் போகாம கரையிலயே இரு" என்று சொல்லிவிட்டார்.

தை போனது, மாசி போனது, பங்குனி போனது. சோழகம் திரும்பியது. ஆடி அமாவாசை அன்று காலையில் ராஜா படகில் வந்தார். திருமேனிநாதன் மாலையும் தேங்காயும் கையில் வைத்துக்கொண்டு, "தெற்கு முனைக்கு விடு" என்றான். போனால் தண்ணீர். "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றான். தண்ணீர். "இல்லை, இந்தப் பக்கம்" என்றான். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்! நீளமாக வால் கிடந்ததோ வடக்கே.

"முத்திருளாயி, இப்பப் பேசலாமா?" என்று கேட்டார் சாத்தையா.

"பேசுங்க மாமா."

அப்பா! ஆறு மாசமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் கொட்டினார். நட்ட கல்லைச் சொன்னார், நகர்கிற வாலைச் சொன்னார், நக்கிப் பார்த்ததையும் சொன்னார்.

ராஜா திருமேனிநாதனைப் பார்த்தார். "கல்லு நட்ட இடத்தை விட்டு நகரவே இல்லைன்னு நீதானே சொன்னே? அப்ப அடியிலதான் இருக்கும். இறங்கித் தேடு."

கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினான். பட்டுத் தலைப்பாகை ஒரு பக்கம் மிதந்தது, மாலை ஒரு பக்கம் மிதந்தது. முங்கி முங்கிச் சாயங்காலம்தான் கண்டெடுத்தான். அதைக் கயிறு கட்டி, அவனே இழுத்து, ஊற்றங்கரை வரைக்கும் கொண்டுவந்து, குடம் இறக்கி வைக்கிற கல்லாகப் போட்டான். அதோடு ராஜா அவனை அந்தக் கடல் பக்கமே வரக்கூடாது என்று துரத்திவிட்டார்.

முத்திருளாயி என்ன பண்ணினாள் தெரியுமா? குனிந்து அந்தக் கல்லை இன்னொரு தடவை நக்கிப் பார்த்தாளாம். "ம், இப்பத்தான் கரிக்குது" என்றாளாம்.

ஆகவே, சந்தேகம் வந்தால் கத்தக் கூடாது. கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கீரி வாலைத் திருப்பிப் போட்டுப் படுத்தாயிற்று. நீங்களும் திரும்பிப் படுங்கள்.