குஞ்சரத்தை மீட்ட கதை

ஒரு தெருவில் எதிரெதிராக இரண்டு சமையலறைகள் இருந்தன. நடுவில் பத்தடிச் சந்துதான். ஒன்றின் ஜன்னலில் நின்றால் மற்றொன்றில் என்ன தாளிக்கிறார்கள் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும்.

கிழக்குச் சமையலறையில் ஒரு தூக்குவாளியும் அவளுடைய மூடியும் குடும்பம் நடத்தி வந்தார்கள். வாளியின் வயிற்றில் குஞ்சரம் என்று பெயர் வெட்டியிருந்ததால் எல்லோரும் அவளை அப்படியே கூப்பிட்டார்கள். மூடியில் பெயர் வெட்ட யாருக்கும் தோன்றவில்லை, அதனால் அவன் வெறும் மூடி. அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவள்மேல் உட்கார்ந்து ஒரு திருகு திருகினால் காற்றுகூட வெளியே போகாது. அவனுக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை குஞ்சரம் பால் கொழுக்கட்டையை நிறைத்துக்கொண்டு மேற்குச் சமையலறைக்குப் போனாள். கொழுக்கட்டை கொதிக்கக் கொதிக்க இருந்ததால் மூடியை விட்டுவிட்டு ஒரு வாழை இலையைப் போர்த்திக்கொண்டாள். சனி போனது, ஞாயிறு போனது, அவள் திரும்பவில்லை. மூடிக்கு அவள் ஞாபகமாகவே இருந்தது, ஆனால் கவலை இல்லை. அந்தத் தெருவில் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எதையாவது செய்து, அதில் நிறைத்துத்தான் அனுப்புவார்கள். செய்வதற்கு நாள் ஆகும், அவ்வளவுதான்.

கவலைப்பட்டவர் பிரஷர் குக்கர். அவர்தான் அந்தச் சமையலறையின் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. விசில் அவரிடம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் இட்லியும் தோசையுமாகவே ஓடியதால் அவரை யாரும் சீண்டவில்லை. சத்தம் போடக் காரணம் கிடைக்காமல் அவர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை டீ வடிகட்டியை வேவு பார்க்க அனுப்பினார். வடிகட்டி ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டு வந்து, குஞ்சரத்தை மேல் அலமாரியில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றும், அவள் வயிறு காலியாக இருக்கிறதென்றும், அந்த வீட்டு வெண்கல உருளி கீழே காவல் உட்கார்ந்திருக்கிறதென்றும் சொன்னது. பார்த்ததில் வேறு சிலவும் இருந்தன. அவற்றை அது தன்னிடமே நிறுத்திக்கொண்டது.

குக்கர் உடனே கூட்டம் கூட்டினார். நம் வீட்டுப் பெண் எதிரியின் கையில் வாடுகிறாள், உருளி ஒரு கொடுங்கோலன், அவனிடம் மாட்டியிருக்கும் டம்ளர்களையும் நாம்தான் விடுவிக்க வேண்டும் என்று பேசினார். கரண்டிகளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மூடி மெல்ல முன்னால் வந்தான். "அய்யா, நான் யார்கிட்டயும் புகார் சொல்லலையே. ஏதோ செஞ்சிட்டிருப்பாங்க. நெறச்சு அனுப்புவாங்க."

"நீ துக்கத்துல பேசுறே, தம்பி," என்றார் குக்கர். "உனக்கும் சேத்து நான் யோசிக்கிறேன்."

ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன என்று தண்ணீர்க்குடம் கேட்டது. கேட்ட குற்றத்துக்காகக் குடத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். போர்ச் செலவுக்கென்று அதன் தண்ணீரில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். உப்பு ஜாடியும் எண்ணெய்த் தூக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்தன, கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் வசதி அவற்றுக்கு இல்லை. இனி விசில் அனுமதி இல்லாமல் எந்த டப்பாவும் திறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. எதிரி உள்ளே எட்டிப் பார்த்துவிடுவானாம். பருப்பு டப்பாவைப் பார்த்து எதிரி என்ன செய்யப்போகிறான் என்று மூடி கேட்க நினைத்தான். குடத்தின் முதுகைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான்.

செவ்வாய் மதியம் படை கிளம்பியது. குக்கர் போகவில்லை, விசில் அடிக்க ஆள் வேண்டுமே. கரண்டிகளும் கத்திகளும் போயின, அவற்றுக்குப் பின்னால் அம்மிக்குழவியை உருட்டிவிட்டார்கள். குழவிக்கு முகம் பார்த்துப் பழக்கமில்லை. மிளகாயோ மஞ்சளோ, கீழே கிடப்பதை அரைத்துத்தான் பழக்கம். அது மேற்குச் சமையலறைக்குள் புகுந்து கண்ணாடி டம்ளர்கள் அத்தனையையும் விடுவித்தது. பிறகு அவற்றைப் பெருக்கித்தான் அள்ள முடிந்தது. உருளியில் விரிசல் விட்டது. அலமாரி சரிந்தது. சரிந்த அலமாரியிலிருந்து குஞ்சரம் விழ, அவள்மேல் குழவி ஏறி இறங்கியது.

போன கரண்டிகளில் பாதி திரும்பவில்லை. அவற்றின் நினைவாகச் சுவரில் ஒரு ஆணி காலியாக விடப்பட்டது.

சாயங்காலம் வெற்றி விழா நடந்தது. குஞ்சரத்தைத் தூக்கிவந்து மேடைமேல் வைத்தார்கள். வாய் ஒரு பக்கம் நசுங்கி, கைப்பிடி கழன்று, பெயரில் பாதி மடிப்புக்குள் போயிருந்தது. குக்கர் மூடியை அழைத்து, எல்லோரும் பார்க்க அவள்மேல் உட்காரச் சொன்னார். மூடி உட்கார்ந்தான். வழுக்கி விழுந்தான். திரும்ப ஏறி ஒரு திருகு திருகிப் பார்த்தான். எந்தப் பக்கம் வைத்தாலும் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டது. அவனுக்கு அழுகை வந்தது.

"எதுக்கு வந்தாங்க?" என்று குஞ்சரம் அவனிடம் மட்டும் கேட்டாள்.

"உன்னை மீட்கத்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. உருளியில் அதிரச மாவு பாகு சேர்த்து ஊறிக்கொண்டிருந்ததாம். பதம் வர நாலைந்து நாள் ஆகும், புதன்கிழமை சுட்டு நிறைத்து அனுப்புகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்களாம். "அதுவரைக்கும் என்னைக் கழுவித் துடச்சு மேல வெச்சிருந்தாங்க," என்றாள். "கீழ இருந்தா அடிபட்டுருவேன்னு."

மூடி குக்கரைப் பார்த்துத் திரும்பினான். விசில் அனுமதி கேட்கவில்லை.

"அய்யா, அவங்ககிட்ட நாலு நாள் இருந்தாளே, ஒரு கீறல் இல்லை. நம்ம ஆளுங்க போன அரை மணி நேரத்துல இப்படி ஆயிட்டா. உங்ககிட்டேருந்து எங்களைக் காப்பாத்த நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?"

குக்கர் மூன்று விசில் அடித்தார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் காதில் விழவில்லை.

அனுமதி இல்லாமல் வாய் திறந்ததற்காக மூடியைப் பரணில் போட்டார்கள். குஞ்சரத்தை வெற்றிச் சின்னமாகக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பாதுகாப்பை முன்னிட்டு இனி எந்தப் பாத்திரமும் தெருவைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு வந்ததால், அதன்பிறகு கிழக்கு வீட்டுக்கு எதுவும் நிறைந்து வரவில்லை.

பிரிந்த இருவரை அந்தப் போர் சேர்த்து வைத்தது என்றுதான் வடிகட்டி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.