கிளிப்பச்சை வண்டிக்கு வயர்லெஸ் மாட்டிய கதை

“அடிவாரத்து டிரைவருங்களுக்குத் திமிரு ஏறிப் போச்சுங்க, வாத்தியாரம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தான் மாதையன்.

கமருன்னிசா ஒரு பழைய ஹார்னைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமே சொல்லலீங்க.”

“அப்புறம்?”

“அதைத்தானுங்க திமிருங்கறேன்.”

மாதையன் மலை உச்சியில், பூங்கரட்டில் பிக்கப் ஓட்டுகிறவன். மிளகு, பலாப்பழம், அவசரத்துக்கு ஆள் என்று எது கீழே இறங்க வேண்டுமானாலும் அவன் வண்டிதான். அந்த மலையில் செல்போன் டவர் கிடையாது. வளைவுகளை எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும். அதனால் மலையில் ஓடுகிற வண்டிகளும் அடிவாரத்து ஆஸ்பத்திரி வேனும் வயர்லெஸ் செட்டில்தான் பேசிக்கொள்ளும். உச்சியிலிருந்து நோயாளியோடு பிக்கப் இறங்கும், கீழிருந்து வேன் ஏறும், ஏதாவது ஒரு வளைவில் ஆள் வண்டி மாறுவார். இதுதான் அங்கே வழக்கம்.

பாதி மலையில், நடுச்சந்தையில் இருந்தது கமருன்னிசாவின் பட்டறை. மாதையனைவிட வயதில் இளையவர். செட் விற்பார், வேலை சொல்லிக் கொடுப்பார், ஆனால் யார் வண்டிக்கும் தன் கையால் மாட்டித் தர மாட்டார். மழையில் ஒயர் அறுந்தால் வாத்தியாரா ஓடி வர முடியும்? அவரவர் வண்டிக்கு அவரவர் கைதான்.

மாதையனும் தன் கையாலேயே மாட்டியிருந்தான். மாட்டி ஒரு வாரம் ஆகிறது.

“கத்திப் பாத்துட்டேனுங்க. அவங்க பேசறது எனக்குக் கேக்குது. காத்துல மணியடிச்ச மாதிரி கேக்குது. நான் பேசினா மட்டும் ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான். நான் பேசி முடிச்சதும் அவங்க பாட்டுக்கு டீ விலையைப் பேசறாங்க.”

“நேர்ல பாத்தப்போ கேக்கலையா?”

“எதுக்குங்க கேக்கோணும்? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.”

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது மாதையனுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

கமருன்னிசா ஹார்னைக் கீழே வைத்தார்.

“செண்பகம் எப்படி இருக்கா?”

அவன் குரல் இறங்கியது.

“நெறமாசங்க. டாக்டரு தேதி குடுத்திருக்காரு. வலி தேதி பாத்தா வருமுங்க?”

போன மழைக்காலத்தில் அவன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடு ராத்திரியில் இப்படித்தான் வலி கண்டது. அவன்தான் தன் பழைய வண்டியை எடுத்தான். அப்போது செட் இல்லை, வேனுக்குச் சொல்ல வழியில்லை. பிள்ளை பாதி வழியில் பிறந்தது, அடிவாரம் வரை தாங்கவில்லை. அந்தத் தாயின் அழுகை இன்னும் அவனைத் தூங்க விடவில்லை. இப்போது அவன் மகளின் முறை. பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“வண்டியைப் பாக்கலாம்” என்றார் கமருன்னிசா.

வண்டி வாசலில் நின்றது. புத்தம் புது வண்டி, கிளிப்பச்சை நிறம். மாதையன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறுவான். யாராவது கதவில் சாய்ந்து நின்றால் துண்டால் அந்த இடத்தைத் துடைப்பான்.

கமருன்னிசா பானெட்டைத் திறந்தார். பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர். அதன் பக்கத்திலேயே ஃபியூஸ். தகட்டைத் துளைத்து உள்ளே போகிற இடத்தில் ஒயர் உரசாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டிருந்தான். ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கேபினுக்குள் செட் கியர் போடும் கைக்கு இடிக்காமல் உட்கார்ந்திருந்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கைக்கு எட்டும் இடத்தில் மைக் தொங்கியது.

“வேலை சுத்தம்” என்றார்.

மாதையனுக்கு உச்சி குளிர்ந்தது. “அப்போ தப்பு அவங்க மேலதானுங்களே?”

கமருன்னிசா உள்ளே போய் மீட்டரை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்.

“ரெண்டு ஊசியையும் ஒண்ணா முட்டுங்க.”

முட்டினான். மீட்டர் கீச்சென்று கத்தியது. இரும்போடு இரும்பு சேர்ந்து கரண்டுக்கு வழி இருந்தால்தான் அது கத்தும்.

“ஒண்ணைப் பேட்டரி மைனஸ்ல வைங்க. இன்னொண்ணை ஆன்டெனா நிக்கற இரும்புல வைங்க.”

மாதையன் நீள ஒயரை இழுத்துப் பிடித்து வைத்தான்.

சத்தம் இல்லை.

அழுத்தி வைத்தான். அப்போதும் இல்லை.

“மீட்டரு செத்துப் போச்சுங்க.”

“அப்படியா?” என்று கமருன்னிசா டீ வாங்கப் போய்விட்டார்.

மாதையன் சும்மா இருப்பானா? கதவுக் கீலில் வைத்தான், கத்தியது. சீட் போல்ட்டில் வைத்தான், கத்தியது. வண்டியில் எங்கெங்கே வெறும் இரும்பு தெரிந்ததோ அங்கெல்லாம் கத்தியது. கேபின் கூரை ஓரத்தில் இரும்புக் கவ்வி பிடித்து நின்ற ஆன்டெனாவில் மட்டும் ஊமையாக இருந்தது.

கமருன்னிசா இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது அவன் அந்தக் கவ்வியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடியில என்ன வச்சிருக்கீங்க?”

“சைக்கிள் டியூப்புங்க. அளவா வெட்டி வச்சேன்.”

“எதுக்கு?”

“பெயிண்டுல காயம் படக்கூடாதுன்னு.”

அவர் டீயைக் குடித்தார்.

மாதையன் டியூப்பை உருவி எறிந்தான். கவ்வியை மறுபடி முறுக்கி ஊசியை வைத்தான்.

சத்தம் இல்லை.

பெயிண்டின் மேல் விரலை ஓட்டினான். வழவழவென்று இருந்தது.

“இதுங்களா?”

“ம்.”

“ஆன்டெனா வண்டியோட இரும்பத் தொடணுமுங்களா?”

“தொட்டாத்தான் குரல் போகும்.”

அவன் மீட்டரைக் கேபின் படியில் வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அப்போ நான் ஒரு வாரமாக் கத்துனது?”

“உங்க கேபினுக்குள்ளதான் சுத்திட்டு இருந்திருக்கும்.”

“அவங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?”

கமருன்னிசா பட்டறைக்குள் போய் மேஜை டிராயரிலிருந்து உப்புத்தாள் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

மாதையன் வாங்கிக்கொண்டான். ஆனால் கை நகரவில்லை.

“பெயிண்டு போயிருமுங்க.”

“ஆமாண்ணா.”

“புது வண்டிங்க.”

“ஆமாண்ணா.”

“வேற வழி ஒண்ணும் இல்லீங்களா?”

“இருக்கே. அவங்க பேசறதை நீங்க கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

அந்த நேரம் பார்த்துச் செட் கரகரத்தது. பக்கத்து மலையூரிலிருந்து யாரோ ஒருவன் கூப்பிட்டான். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்றான். கீழேயிருந்து உடனே பதில் வந்தது. “கெளம்பிட்டேன், நீ எறங்கி வா.” அவ்வளவுதான். செட் அடங்கிவிட்டது.

மாதையன் கேபின் படியில் ஏறி நின்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தான். உடம்பு கூசியது. கண்ணைத் திறந்து பார்த்தான், கீறல்தான் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் கண்ணை மூடவில்லை. பச்சைத் தூள் நகக்கண்ணில் ஏறியது, சட்டைக் கையில் படிந்தது. பச்சைக்கு அடியில் சாம்பல் நிறம், சாம்பலுக்கு அடியில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. கவ்வியை அதன் மேல் வைத்து முறுக்கினான்.

ஊசியை வைத்தான். மீட்டர் கத்தியது.

“துருப் பிடிக்காம சுத்தி கிரீஸ் தடவிருங்க” என்றார் கமருன்னிசா. “இப்பப் பேசுங்க. திட்டறதுக்குத்தானே வந்தீங்க?”

திட்டுவதற்கு ஒரு வாரமாக அவன் வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். நல்ல காரமான வார்த்தைகள். மைக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனான். பட்டனை அழுத்தினான்.

அதில் ஒன்றுகூட வரவில்லை.

“நான் பூங்கரட்டு மாதையனுங்க” என்றான் கடைசியில். “எம்மக செண்பகத்துக்கு நெறமாசம். எப்ப வலி வருமுன்னு தெரியலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. கூப்பிட்டா யாராச்சும் வருவீங்களா?”

பட்டனை விட்டான். செட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“நல்லாக் கேக்குதுங்கண்ணா. எந்த வளைவுல நிக்கோணுமுன்னு மட்டும் சொல்லுங்க.”