பூட்டிய வீட்டின் நீரளவி

முன்னொரு காலத்தில் நெடுமடை என்னும் நகரை மகுடவர்த்தனன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். காலையில் பிறப்பித்த ஆணையை மாலையில் மறுப்பதும், மறுத்ததை மறுநாள் மீண்டும் பிறப்பிப்பதும் அவன் இயல்பு. படைக்கு அஞ்சாத அவன் பேய்க்கு அஞ்சுவான். இது ஊரறிந்த செய்தி.

அந்நகருக்கு மலையடி ஏரியிலிருந்து கல்குழாய் வழியே தண்ணீர் வந்தது. குடிசையாயினும் மாளிகையாயினும் வாசலுக்கு ஒரே வரி. ஆகவே ஏரிக்கு அருகில் வாழ்ந்த செல்வர்கள் குதிரைகளைக் குளிப்பாட்டி முற்றத்தையும் நனைத்தார்கள். கடைமடைத் தெருப் பெண்களோ ஒரு குடம் நிறைய அரைநாள் காத்திருந்தார்கள்.

அமைச்சர் குழைக்காதர் இதற்கென ஒரு கருவி செய்வித்தார். குழாயின் வாயில் ஒரு செப்புக் கிண்ணம். நிறைந்ததும் அது கவிழும். கவிழும்போது ஒரு கூழாங்கல்லைக் கீழேயுள்ள குடத்தில் தள்ளும். கல் நுழையுமளவு துளை விட்டு மூடிய அக்குடத்துக்கு அரச முத்திரை. மாத முடிவில் கற்களை எண்ணினால் அவ்வீட்டார் கொண்ட தண்ணீர் விளங்கும். அதற்கு நீரளவி என்று பெயர்.

அரசனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரன் சண்பகராமனுக்கு அமைச்சர்மீது நெடுநாளைய பொறாமை. "தண்ணீரை அளக்கிறார் அமைச்சர். நாளைக்கு மூச்சுக்காற்றையும் அளப்பாரோ?" என்று சபையில் நகைத்தான்.

"காற்று கடைமடைக்கும் குறைவின்றிப் போகிறது ஐயா, அதை அளக்க வேண்டியதில்லை" என்றார் குழைக்காதர்.

அரசன் சிரித்துவிட்டு, மேலைத் தெருவில் மட்டும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்றான். ஒரு வாசலும் விடலாகாது என்றும் கட்டளையிட்டான். ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் ஏவலர்கள், அத்தெருவின் பூட்டிய வீட்டிலும் நீரளவியைப் பொருத்திவிட்டு வந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் விஷசுரத்தில் ஒரே வாரத்தில் ஒரு குடும்பமே மாண்டுபோன வீடு அது.

ஐந்தாம் நாள் தெருவே நடுங்கியது. உச்சிப்பொழுதில், வெயிலில் நாயும் நடமாடாத நேரத்தில், பூட்டிய கதவுக்கு அப்பால் கிண்ணம் கவிழ்கிறது, கல் விழுகிறது என்றார்கள். அரசன் தானே சென்று கதவில் காதை வைத்தான். டொக். நெடுநேரம் மௌனம். மீண்டும் டொக். காதைப் பொத்திக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பினான்.

சண்பகராமன் தருணம் பார்த்து, தாகத்தோடு செத்தவர்கள் குடிக்கும் தண்ணீரைக்கூட அமைச்சர் எண்ணத் துணிந்தார், அதனால் எழுந்த சினமே இது என்று ஓதினான். அரசன் அதை நம்பினான். மூன்று நாளில் இதற்கு விடை சொல்லாவிட்டால் நீரளவிகள் உடைக்கப்படும், அமைச்சர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பளித்தான்.

குழைக்காதர் அன்று மாலை அரசனைத் தனியே அழைத்துச் சென்று, பூட்டிய வீட்டின் குடத்தைக் காலி செய்து புதிய முத்திரையிட்டார். பின்னர் அவ்வீட்டுக்குப் பிரியும் குழாயைத் தெருவடியில் களிமண்ணால் அடைத்தார். "இது நம் இருவருக்கு மட்டுமே தெரியும். தாகமுள்ளவர் தாமே சபைக்கு வருவார்" என்றார்.

நான்காம் நாள் காலை, சண்பகராமன் கண்கள் சிவந்து வந்து நின்றான். வெற்றிலையை நீட்டும்போதே பேசினான்:

"அரசே, அவ்வீட்டு அம்மாள் என் கனவில் வந்தாள். நாக்கு வறண்டு தொங்குகிறது. 'மூன்று நாளாய் என் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லையே' என்று அழுகிறாள். அமைச்சரை இன்றே அனுப்பிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுங்கள்."

அரசன் வெற்றிலையைத் தடவினான். அது மஞ்சளித்துத் துவண்டிருந்தது.

"கோடை முழுதும் தளிராய்க் கொடுத்தாயே, இன்று ஏன் வாடியிருக்கிறது?"

குழைக்காதர் மெல்லச் சொன்னார்: "அடைத்தவன் நான், அறிந்தவர் அரசர். அந்த அம்மாள் எங்களை விட்டு உம்முடைய கனவுக்கு வந்தது ஏன்? அவ்வீட்டின் பின்புறம் உம்முடைய வெற்றிலைக் கொடிக்கால்தானே இருக்கிறது? கொடி மூன்று நாள் தாகம் தாங்காது, அடைப்பக்காரரே."

அவன் அரசன் காலில் விழுந்தான். உச்சிப்பொழுதில் யாரும் வெளியே வரமாட்டார்கள் என்பதால், தன் ஆளைப் பின்வழியே அனுப்பி, அவ்வீட்டுத் தண்ணீரைப் புதைகால்வாயில் திருப்பி வந்ததை ஒப்புக்கொண்டான். பேயச்சம் தனக்கு வேலியாக இருந்தது என்றான். அடைப்பப் பெட்டியைப் பறித்த அரசன், மழை வரும்வரை காவடியில் தண்ணீர் சுமந்து கடைமடைத் தெருவுக்கு வார்க்கும்படி அவனுக்கு விதித்தான். தன் பட்டு மேலாடையை அமைச்சருக்குப் போர்த்தினான்.

எஞ்சியது ஒன்றே: வெறும் குடத்தை ஊராருக்குக் காட்டி அச்சத்தைத் தெளிவிப்பது. உச்சிவெயிலில் அரசனும் அமைச்சரும் சண்பகராமனும் முதலில் அவ்வீட்டுக்குள் சென்றார்கள். செப்புக் கிண்ணம் உலர்ந்து கிடந்தது. குழாயின் வாயில் சிலந்தி நூல் பின்னியிருந்தது. முத்திரை குலையவில்லை. குழைக்காதர் அதை உடைத்துக் குடத்தைக் கவிழ்த்தார்.

மூன்று கற்கள் விழுந்தன.

"சத்தியமாக நானல்ல. தண்ணீரே இல்லாதபோது எதைக் கவிழ்ப்பேன்?" என்று சண்பகராமன் குழறினான். அது உண்மையென அமைச்சர் அறிவார். நாளுக்கு ஒரு கல்.

அரசன் தணிந்த குரலில் கேட்டான்: "இவற்றை யார் பேரில் எழுதுவது, குழைக்காதரே?"

அவர் கற்களைப் பொறுக்கிக் கையில் எடுத்தார். "யார் பேரிலும் வேண்டாம் அரசே. வீடுதோறும் நீரளவி வையுங்கள். ஆனால் நாளுக்கு முதற்கிண்ணம் எந்த வீட்டிலும் எண்ணப்படலாகாது. நாக்கை நனைக்கும் அளவுக்குக் கணக்கு கேட்பது அரசுக்கு அழகல்ல."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன். அந்த ஆணையை அவன் ஒருநாளும் மாற்றவில்லை.

தெருவடியில் களிமண்ணை அகற்றச் செய்து, நீர் வரும் ஓசை கேட்டதும் மூவரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே அன்றைய முதற்கிண்ணம் நிறைந்து கவிழும் ஓசை தெளிவாகக் கேட்டது.

கல் விழும் ஓசை கேட்கவில்லை.