கை நனைக்காத சம்பந்தி

"அம்மா, இந்த டெல்லியில மானத்தோட ஒரு நாள் இருக்க வழி சொல்லுங்க," என்றார் சிற்றம்பலம்.

ஆவுடையம்மாள், இருவரும் தங்கியிருந்த தர்மசாலைக் குழாயடியில் சேலையை அலசிக்கொண்டிருந்தார். சிற்றம்பலத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு. இவர் கேட்பார், அவர் சொல்வார். பல நாள் சொல்லவும் மாட்டார்.

"இப்ப என்ன ஆச்சு?"

"அந்த ஹோட்டல் வாசல்ல போய் நின்னேன். யாரைப் பார்க்கணும்னு வாட்ச்மேன் கேட்டான்."

"யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் இல்லே. சும்மா நின்னு பழகிட்டிருந்தேன்."

ஆவுடையம்மாள் சேலையைப் பிழிந்தார்.

விஷயம் இதுதான். சிற்றம்பலத்தின் மகள் மதுரவல்லியை இங்கே ஒரு சர்தார்ஜி வீட்டில் கொடுத்திருக்கிறது. பேரனுக்கு இன்றைக்குப் பெயர் வைக்கிறார்கள். ஆசீர்வாதம் செய்ய குருவையும் அழைத்துக்கொண்டு, ரயிலில் உட்கார்ந்தபடியே இரண்டு இரவு கழித்து வந்து சேர்ந்தார். இறங்கிப் பஸ் ஏறியதும் ஃபோன். சம்பந்திதான். அவருக்குத் தமிழில் தெரிந்தது அந்த ஒரே வார்த்தை, "சம்பந்தி!" மற்றதையெல்லாம் அவர் இந்தியில் கத்தக் கத்த, பக்கத்திலிருந்து மகள் சொன்னாள். எங்கள் வீட்டிலேயே தங்குங்கள், இங்கேயே சாப்பிடுங்கள்.

நம் ஆள் சரி என்று சொல்லியிருக்கலாம். சொன்னாரா? "பொண்ணு கொடுத்த வீட்டில நாங்க கை நனைக்கிறதில்லே. பெரிய ஹோட்டல்ல ரூம் போட்டாச்சு," என்று அளந்துவிட்டார். எந்த ஹோட்டல் என்று கேட்டார்கள். பஸ் ஜன்னலில் கண்ணில் பட்ட பலகையை அப்படியே வாசித்தார்.

அங்கே ஒரு காபி குடிக்க வேண்டுமென்றால் இவர் ஊர் திரும்பும் டிக்கெட்டை விற்க வேண்டும்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி கார் எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குத்தான் வரப்போகிறார். அதற்குத்தான் காலையிலேயே ஒத்திகை.

"பேரன் பொறந்தாச்சே ஐயா. இன்னுமா கை நனைக்கக் கூடாது?" என்று ஆவுடையம்மாள் கேட்டார்.

சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நனைக்கலாம்தான். ஆனா எந்த முகத்தோட போறது? பேரனுக்குன்னு கொண்டு வந்தது ஒரு வெள்ளி அரைஞாண் கொடி. அதுவும் நூல் மாதிரி. அவங்க வீடு மூணு மாடி. என்னால என் பொண்ணு அங்க தலை குனியக் கூடாதும்மா. வெட்கமா இருக்கு."

"பசிக்குதா?"

"பசிக்குது."

"வாங்க."

உபதேசம் அவ்வளவுதான்.

நடந்தே குருத்வாராவுக்குப் போனார்கள். யார் வந்தாலும் அங்கே சாப்பாடு உண்டு. தலையை மூடாமல் உள்ளே போகக் கூடாது. சிற்றம்பலம் தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். நீளமான விரிப்பில் வரிசையாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓசிச் சோறும்மா. தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?"

"டெல்லியில உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"சம்பந்தியைத் தவிர யாரையும் தெரியாது."

"அப்புறம் என்ன? உட்காருங்க."

உட்கார்ந்தார். தட்டில் பருப்பு விழுந்தது. அடுத்தது ரொட்டி. கூடையைச் சுமந்துகொண்டு ஒருவர் வரிசையோடு குனிந்து குனிந்து வந்தார். கல்யாணத்தில் பார்த்த அதே நரைத்த தாடி.

ஐயையோ!

"மாமா காலையில சேவைக்குப் போவார், முடிச்சுட்டு வருவார்," என்று மகள் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

எழுந்து ஓட வழியில்லை. சிற்றம்பலம் துண்டை இழுத்து முகத்தில் பாதியை மூடி இடது கையால் பிடித்துக்கொண்டார். வலது கையை நீட்டினார்.

ரொட்டி விழவில்லை.

"தோனோ ஹாத், பாபாஜி," என்றது மேலே இருந்து ஒரு குரல்.

"ரெண்டு கையையும் கேட்கிறார். இங்க ஒத்தைக் கையில போட மாட்டாங்க," என்றார் ஆவுடையம்மாள்.

"ஒரு கைக்கு வேலை இருக்கும்மா," என்று துண்டுக்குள்ளிருந்து முனகினார்.

"வரிசையே காத்துக்கிட்டிருக்கு ஐயா. அவர் உங்க கையைத்தான் பார்க்கிறார்."

சிற்றம்பலம் துண்டை விட்டார். அது நழுவித் தோளில் விழுந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துண்டு மெதுவாகத் தலைக்கு ஏறியது. யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். சூடான ரொட்டி கையில் விழுந்தது. கூடை நகர்ந்தது.

சிற்றம்பலத்துக்கு மூச்சு வந்தது.

"தப்பிச்சேம்மா. அவர் என்னைப் பார்க்கவே இல்லே."

"பார்த்துட்டார்," என்றார் ஆவுடையம்மாள், பருப்பைத் தொட்டுக்கொண்டே. "அதனாலதான் பார்க்கலே."

சிற்றம்பலம் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

வரிசையின் கடைசிவரை போன கூடை மறுபடியும் வந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு விழுந்தது. ஆவுடையம்மாளுக்கு விழுந்தது. சிற்றம்பலத்தின் முன்னால் வந்ததும் அந்த நரைத்த தாடி, எதிரே இருந்த தூணின் பக்கம் திரும்பிக்கொண்டது. ரொட்டி மட்டும் நீண்டது. சிற்றம்பலம் அந்தப் பெரிய ஹோட்டலில்தான் தங்கியிருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவருடைய முகமாகவே அதை வைத்துக்கொள்ள, பாவம், அந்த மனுஷன் படாத பாடு பட்டார்.

சிற்றம்பலம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சம்பந்தி!" என்றார், வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி.