உன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போ

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் பேசித் திரிந்த நாளில், நாரைக்கு இனிய குரல் இருந்தது. ஏரிக்கரைக் கோயிலில் ஈசனைத் துயிலெழுப்பியது அதன் பாட்டே. சிறகுகள் மட்டும் ஒடுங்கியவை.

ஒரு கோடையில் ஏரி வற்றி, மரங்கள் இலையுதிர்த்தன. கயல்தேடி என்னும் நாரையின் குஞ்சுகள் நிழலின்றிக் கூட்டில் துவண்டன. செய்வதறியாது பறந்தவள், உச்சிவேளையில், ஆளரவமற்ற கரையில் ஒரு கடையைக் கண்டாள். நேற்றுவரை அங்கே கடை இருந்ததில்லை. முக்காடிட்ட வணிகன் ஒருவன் முன்னே அகன்ற சிறகுகள் விரிந்து கிடந்தன.

"வா தாயே" என்றான், தவளையின் குரலில்.

"என்ன வேண்டும்?" என்றான், கன்றின் குரலில்.

அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆயினும் குஞ்சுகள் கண்முன் நின்றன.

"இந்தச் சிறகு என்ன விலை, ஐயா?"

"ஏரி மீன் அத்தனையும்."

"வற்றிய ஏரியில் மீனா? சேறு கிடக்கிறது, வேண்டுமானால் அள்ளிக்கொள்ளும்! நாலு நத்தை தருகிறேன்."

"கட்டுப்படியாகாது."

"அப்படியானால் வெயிலுக்கே விற்றுக்கொள்ளும்" என்று திரும்பினாள்.

முக்காட்டுக்குள் ஏதோ சிரித்தது. "பேரத்தில் கெட்டிக்காரிதான். நத்தையும் வேண்டாம். உன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போ."

தடையின்றித் தன் வழியே எடுத்துப்போகச் சொல்கிறான் என்றே அவள் பொருள் கொண்டாள். கொள்ளை மலிவு!

"சரி" என்றாள். தன் குரலில் அவள் சொன்ன கடைசிச் சொல் அது.

கூட்டின்மேல் புதிய சிறகை விரித்தாள். நிழல் விழுந்தது. குஞ்சுகளை அழைக்க வாய் திறந்தாள்; மூச்சுதான் வந்தது.

அப்போது கரையிலிருந்து அவளுடைய பாட்டு எழுந்தது. அதே குழைவு, அதே கனிவு.

"அம்மா கூப்பிடுகிறாள்" என்றது ஒரு குஞ்சு.

"அப்படியானால் இது யார்?" என்றது இன்னொன்று, அவளை அண்ணாந்து பார்த்து.

இறகு முளைக்காத குஞ்சுகள் கூட்டின் விளிம்புக்குத் தவழ்ந்தன. கீழே வெறும் பாறை. கயல்தேடி ஈசனை நெஞ்சில் இருத்தி, அலகோடு அலகை அறைந்தாள். கடகடவென்ற ஓசையில் பாட்டு அமுங்கியது. வெருண்ட குஞ்சுகள் அவள் சிறகடியிலேயே ஒடுங்கின. பொழுது சாயும்வரை அவள் நிறுத்தவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

அன்று முதல்தான் நாரை பாடுவதில்லை. குஞ்சுகளுக்குச் சிறகால் குடைபிடித்து, அலகைத் தட்டுகிறது. குஞ்சுகளுக்கு இன்றும் குரல் உண்டு. சிறகு அகன்றதும், விலையாக அதுவும் போய்விடுகிறது.