ஏரியைத் தின்றவரின் மெய்க்கீர்த்தி

முன்னொரு காலத்தில், எருமைக்கு ஒரு வரி, அதன் கொம்புக்குத் தனி வரி என்று வாங்கிக்கொண்டிருந்த நாடு ஒன்று இருந்தது. அரசர் பெயர் மகுடவர்மன். நல்லவர்தான். ஆனால் சபையில் கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்று நினைக்கிறவர். அவருக்குச் சட்டம் செய்து கொடுக்க முப்பது பேர் கொண்ட பேரவை இருந்தது. அதில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தவருக்கு ஆயுள் முழுக்க மாதம் ஒரு வண்டி நெல் ஓய்வூதியம். அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டது யார் என்பீர்கள். அரசரின் பாட்டனார் காலத்தில் அங்கே உட்கார்ந்திருந்த முப்பது பேர்தான்.

ஒரு நாள் காலை, முழங்கால் வரை சேற்றோடு ஒரு பெண் சபைக்கு வந்து நின்றாள். நாணற்குளத்துக் குருவம்மாள். ஏரிக்கரை உடைந்த ஊர்க்காரி.

"மகாராசா, எங்க ஏரிக்கரைக்கு வந்த கல்லையெல்லாம் வண்டி கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாரே, பேரவையில இருந்த திருமேனிநாதர், அவருக்குத் தண்டனை குடுத்தீங்க. சந்தோசம். ஆனா மாசாமாசம் அவருக்கு நெல்லு போகுதே, அது எதுக்கு? நேத்து அந்த வண்டி எங்க ஊர் உடைப்புலயே மாட்டிக்கிச்சு. நாங்கதான் தள்ளிவிட்டோம். அவரால உடைஞ்ச கரையில, அவரு நெல்லை, நாங்க தள்ளுறோம்! மழைக்கு இன்னும் ஒரு மாசம்தான். அந்த நெல்லைக் கரை போடுற ஆளுங்களுக்குக் கூலியாக் குடுங்க. கரை இல்லேன்னா எங்க ஊரு இல்லே."

அரசருக்குச் சுருக்கென்றது. "நிறுத்துங்கள் அந்த நெல்லை!" என்றார்.

வரகுணர் எழுந்தார். பேரவையில் மூத்தவர். ஒரு பாலம் பற்றி அவர்மேலும் விசாரணை நடந்துகொண்டிருந்தது. விசாரணை இருந்தது, பாலத்தைத்தான் காணோம்.

"மன்னர் மன்னா! ஓய்வூதியம் தங்கள் பாட்டனார் செப்பேட்டில் பொறித்த வாக்கு. சந்திர சூரியர் உள்ளவரை அளக்க வேண்டும். தடுத்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்."

பசு என்றதும் அரசர் வெலவெலத்தார். "நிறுத்த வேண்டாம்!" என்றார். குருவம்மாளின் முகத்தைப் பார்த்தார். "நிறுத்தவும் வேண்டும்," என்றார். பிறகு, வழி தெரியாத நேரங்களில் எல்லாம் பார்ப்பது போல, விகடகவி மிளகனாரைப் பார்த்தார்.

"மிளகனாரே, செப்பேட்டில் ஓர் எழுத்தும் மீறக் கூடாது. கள்ளனுக்கு ஒரு நெல்மணியும் போகக் கூடாது. பௌர்ணமிக்குள் வழி சொல்லும்."

"சொல்லாவிட்டால்?" வரகுணர் குரலில் தேன் வழிந்தது. "மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி எல்லை கடத்திவிடலாம் அல்லவா? கழுதைக்கு அலைய வேண்டாம், மன்னா. நானே நல்லதாக ஒன்று தருகிறேன்."

அரசர் தலையாட்டினார். கடைசியாகப் பேசியவர் அவர்தானே.

மிளகனாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அது போதாதென்று கையிலும் ஓர் உருண்டை புளியை எடுத்துக்கொண்டு செப்பேட்டு அறைக்குப் போனார். ஏட்டின் தலைப்பில் சந்திர சூரியர், அடியில் காராம்பசு. இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் இருந்ததைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது. தேய்த்தார், தேய்த்தார், விரல் நோகத் தேய்த்தார். கடைசியில் வாய்விட்டுச் சிரித்தார். காவலாளி, மனிதருக்குக் கழுதை பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று பரிதாபப்பட்டான்.

பௌர்ணமி அன்று திருமேனிநாதர் பல்லக்கில் வந்து இறங்கினார். தீர்ப்பு வந்த அன்றே அவருக்கு நெஞ்சுவலியும் வந்துவிட்டதால் சிறைக்குப் பதில் அரண்மனை வைத்தியசாலையில் இருந்தார். அங்கே உடம்பு தேறி இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார். மேல்முறையீடும் செய்திருந்தார். அது முடியும்வரை அவர் வீட்டிலிருந்து ஒரு கல்லையும் எடுக்க முடியாது. அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் உண்டு.

வாசலில் நெல் வண்டி. அதன் பக்கத்தில் வரகுணரின் கழுதை. அதற்கும் பக்கத்தில் குருவம்மாளும் ஊராரும், மண்வெட்டி கூடையோடு.

"மன்னா, செப்பேட்டின்படியே கொடுத்துவிடுவோம்," என்றார் மிளகனார். வரகுணர் முகம் மலர்ந்தது. "நடுவில் இப்படி இருக்கிறது: 'பெறுபவர் செய்த செயல்கள் அனைத்தையும் மெய்க்கீர்த்தியாகச் சபையில் வாசித்து, அவன் நானே என்று அவர் வாயால் சொன்னபின் அளக்கவும்.' கட்டியக்காரரே, வாசியும்!"

கட்டியக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரே மண்டபத்தை ஆறு முறை திறந்து வைத்த திறலோன்! பேரவையில் உறங்கும்போதும் கை தூக்கி வாக்களித்த வீரன்!"

"நானே, நானே!" என்று பூரித்தார் திருமேனிநாதர்.

"நாணற்குளத்து ஏரிக்கரைக் கல்லில் மூன்றடுக்கு மாளிகை எடுத்தோன்! அதற்கு 'ஏரிக்கரை இல்லம்' என்றே பெயர் சூட்டிய அஞ்சா நெஞ்சன்! ஊர் மிதக்கையில் மாடியில் நின்று மழையை ரசித்த செம்மல்!"

"ஐயையோ! அது நானில்லை!"

"எழுத்தரே, எழுதிக்கொள்ளும். ஆள் இவரில்லையாம். வண்டியைத் திருப்பு!"

"திருப்பாதே! நான்தான், நான்தான்!"

குருவம்மாள் மண்வெட்டியைத் தோளில் போட்டாள். "ஒத்துக்கிட்டாரு. வாங்கடி, அவரு வீட்டுக் கல்லைப் பேர்க்கப் போவோம்!"

"அடியே நில்லு! நானில்லை!"

வண்டிக்காரன் மாட்டைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போனான். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சாமி, மாடு கிறுகிறுத்து விழுந்துடும்," என்றான்.

வரகுணர் பதறி எழுந்தார். "முதல் பாதிக்கு அவர், பின்பாதிக்கு அவரில்லை என்று வைத்துக்கொள்ளலாமே?"

"பாதி ஆளுக்கு அளக்க நம்மிடம் மரக்கால் இல்லையே, ஐயா," என்றார் மிளகனார்.

திருமேனிநாதர் நெல்லைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்தார். மாளிகையை நினைத்தார். "நான் அவன் இல்லை," என்று முனகிவிட்டுப் பல்லக்கில் ஏறினார். அடுத்த மாதமும் வண்டி வரும், அதே கேள்வியும் வரும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு படியில் விழுந்தது. செப்பேட்டை யாரும் மீறவில்லை, காராம்பசு பிழைத்தது. "நெல் நாணற்குளத்துக்கு! யார் பேசினாலும் இதை மாற்ற மாட்டேன்!" என்றார். அவர் ஆட்சியில் அப்படி ஒரு வாக்கியம் அதுதான் முதல். "மிளகனாரே, உமக்கு நூறு பொன். வேறென்ன வேண்டும்?"

"எனக்கென்று கொண்டுவந்த கழுதை வாசலில் நிற்கிறதே, மன்னா. அதைக் குருவம்மாளுக்குக் கொடுங்கள். மண் சுமக்கட்டும்."

சபை கலைந்ததும் வரகுணர் கட்டியக்காரரை ஓரமாக அழைத்தார். "என்னுடைய மெய்க்கீர்த்தி எவ்வளவு நீளம் வரும்?"

"ஒரே வரிதான் ஐயா. 'பாலம் எங்கே?'"

அந்த ஆண்டு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியும் நாணற்குளத்துக் கரை அசையவில்லை. அதற்கு முன்பே, ஒரு நாள் விடியற்காலையில், பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நாலு வண்டிக் கல் வந்து இறங்கியது. யார் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. கட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள்.